கூப்பிடாமல் வருகிற வீடு

கிரீன்லாந்தில் எங்கள் ஊரில் காஃபேமிக் என்கிற காபி விருந்து நடக்கிற வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. தட்டினால் உள்ளே இருப்பவர்கள் பயந்துபோவார்கள். போலீஸ்காரரோ, கோபன்ஹேகனிலிருந்து வந்த அதிகாரியோ, சாவுச் செய்தி கொண்டுவரும் பாதிரியாரோதான் கதவைத் தட்டுவார்கள். மற்றவர்கள் காலணியைக் கழற்றி நடையில் போட்டுவிட்டு நேரே உள்ளே போக வேண்டியதுதான். பிறந்தநாளோ, ஞானஸ்நானமோ, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற முதல் நாளோ, காரணம் எதுவானாலும் சரி, இன்றைக்கு இந்த வீட்டில் காஃபேமிக் என்று ஊருக்குள் பேச்சுப் பரவினால் போதும். அழைப்பு என்று ஒன்று கிடையாது. வருகிறவர் வருவார், ஒரு கப் காபி குடிப்பார், இரண்டு துண்டு கேக் தின்பார், அடுத்தவர் உட்கார இடம் விட்டு எழுந்து போவார்.

பீர்த்தே இந்த விஷயத்தில் பேர் போனவள். மனீட்சோக் துறைமுகத்துக்கு மேலே, பாறையில் மரப்படி ஏறிப் போனால் வருகிற மஞ்சள் வீடு அவளுடையது. அறுபதைத் தொடப்போகிற வயது. அவள் வீட்டுக்கு வந்து காபி குடிக்காமல் போனவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. அவள் புருஷன் யூலுட்டின் படகிலிருந்து எஞ்சினைத் திருடிப் பிடிபட்டவன்கூட அடுத்த காஃபேமிக்கில் அவள் மேஜையில் உட்கார்ந்து கேக் தின்றான். யூலுட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, “திருட்டு வேற, காபி வேற” என்று சொல்லிவிட்டாள். அதை ஊரில் இன்னும் சொல்லிச் சிரிப்போம்.

அவளுக்கு ஒரே தம்பி, கூனுட். அப்பா படகோடு போய்ச் சேர்ந்தார். அம்மா காசநோயில் போனபோது அவனுக்கு ஏழு வயது, பீர்த்தேக்கு இருபத்திமூன்று. அன்றிலிருந்து அக்காவும் அவள்தான், அம்மாவும் அவள்தான். ஒவ்வொரு நவம்பரிலும் அவன் பிறந்தநாளுக்கு அவள் காஃபேமிக் வைக்கத் தவறியதில்லை. அவன் டென்மார்க்கில் சட்டம் படித்த வருஷங்களில் பிறந்தநாள்காரன் இல்லாமலே வைத்தாள். ஊரும் வந்து தின்று, இல்லாதவனை வாழ்த்திவிட்டுப் போனது.

அந்தக் கூனுட் தலைநகர் நூக்கிலுள்ள நாடாளுமன்றத்துக்குத் தேர்தலில் நின்றான். எங்கள் தீவு தனி நாடாக வேண்டும் என்கிற கட்சி. மேடைக்கு மேடை அவன் சொன்னது ஒன்றுதான்: கோபன்ஹேகனுக்கு நாம் பிள்ளையும் இல்லை, வாஷிங்டனுக்கு நாம் சரக்கும் இல்லை. ஜெயித்துவிடுவான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பீர்த்தே வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவன் நாடாளுமன்றத்தில் போட்டுக்கொள்வதற்கென்று விசேஷத்துக்குப் போடுகிற வெள்ளை அனோராக் மேல்சட்டை ஒன்றைத் தைத்துப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். அம்மா இல்லாத பிள்ளையை ஒரு இடத்தில் உட்கார வைத்துவிட வேண்டும், அதுதான் அவள் ஆசை.

அந்த வருஷம் எங்களைப் பிடித்த சனி லேசுப்பட்டதல்ல. வாஷிங்டன்காரர்கள் ஒரு நாள் எங்களை விலைக்கு வாங்கப் போகிறோம் என்பார்கள். மறுநாள், நாங்கள் நண்பர்கள்தானே என்பார்கள். அதற்கடுத்த நாள், குறுக்கே நின்றால் ஐரோப்பாவின் சாமான்களுக்கெல்லாம் வரி போடுவோம் என்று மிரட்டுவார்கள். எங்கள் பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவதை இத்தனை காலம் கண்டும் காணாமல் இருந்த கோபன்ஹேகனுக்குத் திடீரென்று பாசம் பொங்கி, போர்க்கப்பலை அனுப்பியது. பிரஸ்ஸல்ஸிலிருந்து யார் யாரோ விலைச்சீட்டு கிழிக்காத குறையாகப் புதுக் கோட்டில் வந்து இறங்கி, பனிக்கட்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எங்களிடம் பேச யாருக்கும் நேரமில்லை.

ஆகஸ்டில் பீர்த்தேயின் பேத்தி பிபாலுக் முதல் வகுப்புக்குப் போனாள். மணி கோத்த அகலக் கழுத்துப்பட்டை, கடல்நாய்த் தோல் பூட்ஸ் என்று குழந்தையை ஜோடித்து அழைத்துப் போய், பள்ளிக்கூட வாசலில் மிட்டாயை வாரி இறைத்துவிட்டு வீடு திரும்புவதற்குள் நடையில் காலணிகள் குவிந்துவிட்டன. மேஜையில் திராட்சை போட்ட கேக், வறுத்த கலைமான் இறைச்சி, புகை போட்ட ஹாலிபட் மீன், பொடிப்பொடியாக நறுக்கிய திமிங்கிலத் தோல். பக்கத்து வீட்டு எல்ஸே காபிக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு தன் வீடு மாதிரி சுற்றி வந்தாள். பீர்த்தேக்குக் கால் தரையில் படவில்லை.

மத்தியானத்துக்கு மேல் மூன்று அமெரிக்கர்கள் படியேறி வந்தார்கள். அன்று காலைக் கப்பலில் வந்து இறங்கியவர்கள். காஃபேமிக் வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம் என்று ஹோட்டலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. வந்தவர்களும் ஒழுங்காகக் காலணியைக் கழற்றினார்கள், எல்லோருக்கும் கை கொடுத்தார்கள், காட்டிய இடத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் இளவட்டங்கள், ஒருவன் கையில் ஓடிக்கொண்டே இருந்த வீடியோ கேமரா, இன்னொருவன் கையில் படம் எடுக்கிற கேமரா. பெரியவர் பேர் வெஸ்லி. நரைத்த தாடி, சாந்தமான முகம். அவர் சொன்னதையெல்லாம் பீர்த்தேயின் மகள் நிவி எங்கள் மொழியில் எடுத்துச் சொன்னாள்.

வெஸ்லியின் அப்பா அந்தக் காலத்தில் கங்கர்லுசுவாக்கில் இருந்த அமெரிக்க விமானத் தளத்தில் மெக்கானிக்காம். அதைக் கேட்டதும் பீர்த்தே உருகிப் போனாள். அவள் குழந்தையாக இருந்தபோது அவள் அப்பா அந்தத் தளத்துக்காரர் ஒருவரிடம் மீனைக் கொடுத்துவிட்டு, பாகில் ஊறிய பீச் பழ டின் ஒன்று வாங்கி வந்தார். அவள் வாயில் வைத்த முதல் பழம் அதுதான். அந்த டின் கதையை அன்றைக்கு அவள் இரண்டு தடவை சொன்னாள். எந்த மெக்கானிக், எந்த டின், யாருக்குத் தெரியும்? ஆனாலும் அந்த மனுஷர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு சிவப்புத் தொப்பியை எடுத்துப் பிபாலுக்கின் தலையில் வைத்தார். முன்பக்கம் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து. மணிக் கழுத்துப்பட்டைக்கு மேல் அந்தத் தொப்பியோடு குழந்தை ஆடிக் காட்டியதும் கூடமே சிரித்தது. எல்ஸே வெஸ்லிக்கு இரண்டாவது கப் ஊற்றி, தன் கையாலேயே பால் ஏடு சேர்த்தாள்.

அப்போதுதான் கூனுட் வந்தான். கூடத்தை எட்டிப் பார்த்தவன் காலணியைக் கழற்றாமல் நடையிலேயே நின்று அக்காவைத் தனியே கூப்பிட்டான்.

“இவங்க யாருன்னு தெரியுமாக்கா?”

“விருந்தாளிங்க.”

“படம் பிடிக்க வந்தவங்க. போன வாரம் வேற ஊர்ல இதே மாதிரி ஒரு வீட்டுக்குள்ள போய் உக்காந்து எடுத்திருக்காங்க. நம்ம சனங்க தொப்பி போட்டுட்டுச் சிரிக்கிற மாதிரி. மரியாதையா அனுப்பி வெச்சிடு.”

பீர்த்தே கேக் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தாள். “காலணியக் கழட்டிட்டு உள்ள வந்தவங்கள வெளிய போன்னு சொல்ல எனக்கு நாக்கு வராதுடா.”

“அப்ப நான் போறேன்.”

“போ. அக்கா வீட்டுக் காபி உனக்கு ஆகாதுன்னு ஊரே பாக்கட்டும். கூனுட் தாத்தா எங்கன்னு காலைலேர்ந்து ஒருத்தி வாசலயே பாத்துட்டிருக்கா. அவகிட்டயும் நீயே சொல்லிட்டுப் போ.”

அவன் காலணியைக் கழற்றி எறிந்தான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து, ஏழு வயதுப் பையனை இழுக்கிறது மாதிரி கூடத்துக்கு இழுத்து வந்தாள். காலியாக இருந்தது வெஸ்லிக்குப் பக்கத்து நாற்காலி ஒன்றுதான். வெஸ்லி எழுந்து கையை நீட்டினார். அக்கா வீட்டில், ஊர் பார்க்க, நீட்டிய கையை விட்டுவிட்டு நிற்க அவனால் முடியவில்லை. கை கொடுத்தபடியே உட்கார்ந்தான். பிபாலுக் தொப்பியோடு தாவி அவன் மடியில் ஏறினாள். இளவட்டம் ஒருவன் கேமராவைத் தூக்கினான்.

போகும்போது வெஸ்லிக்குப் பீர்த்தே கருவாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

அந்த வாரமே படம் வெளியே வந்துவிட்டது. தனிநாடு கேட்கிற கட்சியின் வேட்பாளரே அமெரிக்காவுக்குக் கை கொடுக்கிறார், மடியில் அமெரிக்கத் தொப்பி போட்ட பேரப்பிள்ளை, கிரீன்லாந்து தயார் என்று எழுதி உலகம் பூராவும் அனுப்பிவிட்டார்கள். வாஷிங்டனில் அதை வைத்துக்கொண்டு பேசினார்கள். பெர்லினிலும் பாரிஸிலும் தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கூனுட்டின் சிரிப்பு நிஜமா என்று ஆராய்ந்தார்கள். அவன் சிரிக்கவே இல்லை. குழந்தை விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்குள் அது எடுபடவில்லை. எடுத்தபோது பாதி ஊர் அங்கேதான் இருந்தது. ஆனால் மற்ற ஊர்களில் நிலைமை வேறு. ஒரு கூட்டத்தில் யாரோ அவனை நோக்கிச் சிவப்புத் தொப்பியை வீசி எறிந்தார்கள். இன்னொரு ஊரில், உன் விலை என்ன என்று கத்தினார்கள். கட்சித் தலைவர்கள் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பீர்த்தே ஒவ்வொன்றையும் வானொலியில் கேட்டாள். இழுத்து உட்கார வைத்தது நான்தானே என்று மருகினாள். யூலுட் எவ்வளவு சொல்லியும் சோறு இறங்கவில்லை.

கூனுட் ஒரு நாள் வந்து சூப் குடித்துவிட்டு அக்காவிடம் தணிந்துதான் பேசினான். நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன் என்றான். வந்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். இதைவிட என்ன சொல்ல இருக்கிறது? காஃபேமிக் என்றால் என்ன என்று நம் சனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, கேட்டவர்கள் தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள் என்றான்.

“நீ மட்டும் வாயத் திறக்காதக்கா. எவன் வந்து கேட்டாலும் சரி. எனக்காக.”

திறக்க மாட்டேன் என்று அவள் அவன் கையில் அடித்துச் சொன்னாள்.

தேர்தலுக்கு முந்தின வாரம் கதவு தட்டப்பட்டது. கோபன்ஹேகனிலிருந்து வந்த அம்மாள், பேர் பெனெடிக்டே. ஏதோ ஒரு அலுவலகத்தில் பெரிய பதவியாம். எந்த அலுவலகம் என்று பீர்த்தேக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவளுக்குப் பின்னால் படியில் ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காரர்கள், மூன்று நான்கு நாட்டுக்காரர்கள், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். பீர்த்தே எல்லோருக்கும் காபி ஊற்றினாள். பெனெடிக்டேக்குத் தேன் தடவின பேச்சு. ஐரோப்பா முழுக்க உங்கள் குடும்பத்தின் பக்கம் நிற்கிறது என்றாள். அந்த அமெரிக்கர்கள் அத்துமீறி உள்ளே வந்தவர்கள் என்று வீட்டுக்காரி நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தப் படம் செத்துவிடும், உங்கள் தம்பி பிழைத்துவிடுவார் என்றாள். கட்சியில் அவனைக் கைவிடப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் போகிற போக்கில் ஒன்றைப் போட்டாள். அது பொய்யோ நிஜமோ, பீர்த்தே நாற்காலியைக் கேமரா பக்கம் நகர்த்தினாள்.

“அம்மா, வேணாம்மா. மாமா அவ்ளோ சொன்னாரில்ல?” என்றாள் நிவி.

“சும்மா இரு. அவன எடுத்து வளத்தது யாரு, நீயா?”

விளக்கைப் போட்டார்கள். பீர்த்தே தலையை ஒதுக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். அவள் வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. அதனால் சின்னதாகச் சொல்லத் தெரியவில்லை.

“அவங்கள யாரும் கூப்பிடல. கூப்பிடாம அவங்களா என் வீட்டுக்குள்ள வந்தாங்க. போகச் சொன்னேன், போகல. என் தம்பி எங்களக் காப்பாத்தத்தான் உக்காந்திருந்தான்.”

பெனெடிக்டே அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். அன்று மாலையே ஐரோப்பா முழுக்க அது ஓடியது. ஒரு கிழவியின் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தார்கள் என்று மந்திரிமார்கள் கொதித்தார்கள். கொதித்து முடிப்பதற்குள் வெஸ்லியின் ஆட்கள் தாங்கள் எடுத்த வீடியோவை வெட்டாமல் ஒட்டாமல் முழுசாக வெளியே விட்டார்கள். அதில் எல்லாம் இருந்தது. பீச் பழ டின் கதை இரண்டு தடவையும் இருந்தது. எல்ஸே பால் ஏடு ஊற்றியது இருந்தது. கூனுட்டைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைக்கிற பீர்த்தே இருந்தாள். கருவாட்டுப் பொட்டலமும் இருந்தது. பீர்த்தே நிவியை விட்டுப் பெனெடிக்டேக்குப் போன் போடச் சொன்னாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். கை கழுவிவிட்டார்கள்.

அதையாவது தாங்கிக்கொண்டிருக்கலாம். கடையில் ரொட்டி வாங்க நின்றவளிடம் எல்ஸே வந்து நின்றாள். முப்பது வருஷம் ஒரே படியில் ஏறி இறங்கியவள். சத்தம் போடவில்லை.

“பீர்த்தே, எனக்கு ஒரு சந்தேகம். என்னை நீ எப்பவாவது கூப்பிட்டிருக்கியா?”

“என்ன எல்ஸே இப்படிக் கேக்கற?”

“நீ கூப்பிட்டு நான் வந்ததா எனக்கு ஞாபகமே இல்ல. எங்கப்பா செத்த அன்னிக்கு நீயும் கூப்பிடாமதான் எங்க வீட்டுக்கு வந்த. கூப்பிடாம வர்றவங்க அத்துமீறுறவங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அடுத்த காஃபேமிக்குக் கார்டு அடிச்சு அனுப்பிடு, கார்டு வந்தா வரேன்.”

பீர்த்தே ரொட்டி வாங்காமலே வெளியே வந்தாள். தம்பியைக் காப்பாற்றுகிற அவசரத்தில் யாரைச் சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எஞ்சின் திருடினவனையே உட்கார வைத்தவள், மேஜையில் உட்கார்ந்து சிரித்துப் பேசி அவள் கட்டிக்கொடுத்த கருவாட்டை வாங்கிப்போன மனுஷனை, போகச் சொன்னேன் போகவில்லை என்று உலகத்துக்கே சொன்னாள். அமெரிக்கன் நல்லவனா கெட்டவனா என்பது எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நாளைக்கு நம்மையும் அப்படிச் சொல்ல மாட்டாளா? ஊரில் எல்லோர் மனதிலும் அதுதான் ஓடியது. யாரும் அவளோடு சண்டைக்குப் போகவில்லை. வழியில் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தோம்.

தேர்தலில் கூனுட் தோற்றான். வெளியூர்களில் தோற்றது போகட்டும், மனீட்சோக்கில் தோற்றான். படம் வந்தபோது அவனோடு நின்ற ஊர் இது. அக்காவின் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்துகொண்டான் என்று உங்கள் பக்கத்தில் சொல்வீர்களே, அந்த மாதிரி எங்கள் பக்கத்துப் பேச்சு ஒன்று உண்டு. அதைத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

நூக்குக்கு வேலை தேடிப் போகிறான் என்று கேள்விப்பட்டு, பீர்த்தே கப்பல்துறைக்கு ஓடினாள். அவன் பெட்டியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். மெலிந்திருந்தான். என்ன பேசுவது என்று தெரியாமல் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றான்.

“உன்னக் காப்பாத்தணும்னுதான்டா சொன்னேன்.”

“தெரியும்க்கா.”

“திட்டிடுடா. வாய்க்கு வந்தபடி திட்டிடு.”

“என்னத்தத் திட்டறது? ஒவ்வொரு கூட்டத்துலயும் எந்திரிச்சுக் கேட்டாங்க, உங்கக்கா சொன்னது நெசமான்னு. நெசம்னா நான் பொய்யன். பொய்னா என்னை வளத்தவளப் பொய்க்காரின்னு நானே மைக்ல சொல்லணும். வாயப் பொத்திட்டு நின்னேன். ஊர் ஊரா அப்படியே நின்னேன்.”

வரிசை நகர்ந்தது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். நீ உட்காரச் சொன்னபோது நான் கேட்டேன், பேசாதே என்று நான் சொன்னதை நீ கேட்கவில்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தைத்து வைத்த அனோராக் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் யூலுட் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் ஏதோ ஒரு அரண்மனையில் பெரிய சந்திப்பு. வரி மிரட்டல் வாபஸ், எங்கள் தீவைப் பற்றி ஏதோ ஒரு உடன்படிக்கை, எல்லாம் சுமுகம் என்றார்கள். அத்துமீறல் என்று கொதித்த அதே மந்திரிமார்கள் அமெரிக்கர்களோடு தோளில் கை போட்டுச் சிரித்தார்கள். பின்வரிசையில் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பெனெடிக்டே நின்றாள். முன்னால் நீளமான மேஜை, வெள்ளி மூடி போட்ட தட்டுகள். எங்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. 

“அவங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்ல பாத்தியா. கேக் வெட்டிட்டாங்க” என்று சொல்லி யூலுட் தொலைக்காட்சியை அணைத்தார். பீர்த்தே அணைந்த திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர்கள் எல்லோரும் பழையபடி ஒட்டிக்கொண்டார்கள், நானும் கூனுட்டும் எப்போது என்று அவள் கேட்டாள். யூலுட் வலை பின்ன எழுந்து போய்விட்டார்.

நவம்பர் வந்தது. கூனுட்டின் பிறந்தநாள். வைக்காதேம்மா, யாரும் வரமாட்டார்கள் என்று நிவி அழாத குறையாகச் சொன்னாள். பீர்த்தே காதில் போட்டுக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் வைக்கிறது, அவன் இல்லாதபோதே வைத்தாயிற்று என்றாள். கடையில், துறைமுகத்தில், தேவாலயத்தில், வியாழக்கிழமை காஃபேமிக் என்று தானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்டவர்கள் சரி என்றார்கள்.

வியாழக்கிழமை நாலு வகைக் கேக் செய்தாள். ஹாலிபட்டை மெல்லிசாக நறுக்கித் தட்டில் அடுக்கினாள். கழுவிய கப்புகளை இன்னொரு தடவை கழுவினாள். நடையில் காலணி வைக்க இடம் ஒழித்துவிட்டாள். மரப்படியில் உப்புத் தூவி, பனியைச் சீவிவிட்டு வந்தார் யூலுட். பிறகு எல்லோரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். படியில் காலடி கேட்கும்; பீர்த்தே கூஜாவை எடுப்பாள். காலடி எல்ஸே வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். காபி கசந்து போய் இரண்டு தடவை புதிதாகப் போட்டாள். பிபாலுக் ஒரு கேக் துண்டைத் தின்றுவிட்டு, ஏன் பாட்டி யாருக்கும் பசிக்கவில்லையா என்று கேட்டாள். நிவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்அறைக்குப் போய்விட்டாள். மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

பீர்த்தேக்குப் பழைய பயம்தான் முதலில் வந்தது. யார் செத்தது என்று நினைத்துக்கொண்டே போய்த் திறந்தாள். தலையில் பனியோடு கூனுட் நின்றிருந்தான். நூக்கிலிருந்து அன்றைய கப்பலில் வந்திருக்கிறான். இந்த வீட்டில் தவழ்ந்தவன் இல்லை என்றாலும், ஏழு வயதிலிருந்து இந்தக் கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு வந்தவன். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் சட்டியைத் திறந்து பார்க்கிறவன். இப்போது கால் இரண்டையும் சேர்த்து வைத்து வாசலுக்கு வெளியே நின்றான்.

“அக்கா, உள்ள வரலாமா?”

கேலியாகக் கேட்டிருந்தால்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவன் நிஜமாகத்தான் கேட்டான். பதிலுக்குக் காத்துக்கொண்டும் நின்றான்.

“வா” என்றாள். அந்த வீட்டில் அந்தச் சொல்லை அவள் யாரிடமும் சொல்ல வேண்டி வந்ததில்லை. இரண்டாவது தடவைதான் சத்தமாக வந்தது.

அவன் காலணியைக் கழற்றி, வெளியூர்க்காரர்கள் வைப்பதுபோலச் சுவரோரமாக நேராக வைத்தான். எப்போதும் உட்காருகிற ஜன்னலோர நாற்காலியை விட்டுவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் இருந்ததில் உட்கார்ந்தான். நூக்கில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது, அறை நன்றாகத்தான் இருக்கிறது என்றான். யூலுட்டிடம் மீன் எப்படி என்று விசாரித்தான். பீர்த்தே பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாள். நன்றி என்றான். திராட்சை போட்ட கேக்கில் ஒரு துண்டு எடுத்து, நல்லா இருக்கு என்று சொல்லித் தின்றான். அவள் இன்னொரு கப் ஊற்றக் கூஜாவை நீட்டினாள். அவன் கப்பின் மேல் கையை வைத்து மூடினான்.

“போதும்க்கா” என்று சொல்லி, அடுத்தவர் உட்கார இடம் விட்டு எழுந்துகொண்டான். மேஜையைச் சுற்றி நாற்காலிகள் எல்லாம் காலியாகத்தான் கிடந்தன.